விளக்கு எரிந்தாலும் இறங்காதே

(தேசியப் பாதுகாப்பு வாரத்தையொட்டிக் கோவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் கொங்கு நாட்டில் கிணறு வெட்டுகிறவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. நெடுநாள் ஆள் இறங்காத கிணறு என்றால், முதலில் கயிற்றில் ஒரு விளக்கைக் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஒருவரும் இறங்க மாட்டார்கள். எரிந்துகொண்டே இருந்தால் இறங்குவார்கள். நல்ல வழக்கம். நாம் மூச்சுவிடும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது 16, 17 சதவீதத்துக்கு இறங்கும்போது சுடர் அணைந்துவிடும். மனிதன் மயங்கி விழுவதற்கு முன்பே விளக்கு எச்சரித்துவிடும். அந்த எச்சரிக்கையால் பிழைத்தவர்கள் ஏராளம்.

ஆனால் அந்த விளக்குக்கு ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தெரியும்: உள்ளே ஆக்சிஜன் இருக்கிறதா? அதோடு சேர்ந்து வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் அதற்குத் தெரியாது. சற்று முன்புதான் அந்தக் கிணற்றில் வெடி வைத்திருந்தாலோ, உள் திட்டில் ஆயில் எஞ்சினை இறக்கி வைத்துத் தண்ணீர் இறைத்திருந்தாலோ, விளக்கு பிரகாசமாகவே எரியும். அதை நம்பி இறங்கியவர் திரும்பி வராமல் போகலாம். வெடியும் எஞ்சினும் விட்ட புகையில் இருப்பவற்றில் இரண்டு முக்கியமானவை. ஒன்று கார்பன் மோனாக்சைடு. அதைப் பற்றி ஓரளவு எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று நைட்ரஜன் ஆக்சைடுகள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்த வாயுக் குடும்பத்தை முதலில் கவனமாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. 1770-களில் அவர் ஒரு விந்தையைக் கண்டார். நைட்ரஸ் ஆக்சைடு என்று இன்று நாம் சொல்லும் வாயுவுக்குள் மெழுகுவர்த்தியை வைத்தால் நன்றாக எரிந்தது. அதே வாயுவுக்குள் ஓர் எலியை விட்டால் அது செத்துப்போனது. தீ வாழும் காற்றில் உயிரும் வாழும் என்பதுதான் அதுவரை உலகம் நம்பிய விதி. அந்த விதி இந்தக் குடும்பத்திடம் செல்லாது. இந்த வாயுக்களில் தீ எரியலாம், உயிர் வாழாது. ஆலைப் பாதுகாப்பில் இருக்கும் ஒவ்வொருவரும் இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

இவை எங்கிருந்து வருகின்றன? நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். சாதாரணமாக அது எதோடும் சேராமல் கிடக்கும். சுடரின் வெப்பம் 1,500 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆக்சிஜனோடு கைகோத்துவிடும். அது எப்படி நடக்கிறது என்பதை சோவியத் விஞ்ஞானி யாகோவ் செல்டோவிச் 1946-இல் விளக்கினார். டீசல் எஞ்சினின் சிலிண்டரிலும் பாய்லர் உலையிலும் எரிவாயு டர்பைனிலும் வெட்டும் மின்னலிலும் நடப்பது ஒன்றேதான். நார்வேயில் 1905 வாக்கில், நீர்வீழ்ச்சி மின்சாரத்தால் காற்றில் மின்வில் எரித்து, அந்தப் புகையிலிருந்தே நைட்ரிக் அமிலம் தயாரித்து உரம் விற்றார்கள். நம் லாரியின் புகைக்குழாயிலிருந்து வருவதும் அதே சரக்குதான், அளவு மட்டும் குறைவு.

எஞ்சினிலிருந்து வெளிவரும்போது அதில் பெரும்பகுதி நைட்ரிக் ஆக்சைடு. அதற்கு நிறமில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டை ஆக்சைடாகும்போதுதான் பழுப்பு நிறம் வருகிறது. இந்த மாற்றத்தின் வேகத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், பல விபத்துகளின் வேர் இதில்தான் இருக்கிறது. காற்றில் நைட்ரிக் ஆக்சைடு ஒரு சதவீதம் இருந்தால், அதில் பாதி அரை நிமிடத்துக்குள் பழுப்பு வாயுவாகிவிடும். அதுவே பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு, அதாவது 1,000 பிபிஎம் என்றால், பாதி மாற மூன்று நான்கு நிமிடம் ஆகும். 10 பிபிஎம் என்றால் ஆறேழு மணி நேரம். அடர்த்தி கூடினால் வேகம் பலமடங்கு கூடுகிறது. இன்னொன்று: பெரும்பாலான வேதிவினைகள் சூட்டில் வேகமெடுக்கும், இதுவோ குளிரக் குளிர வேகமெடுக்கும்.

இதன் பொருளைப் பாருங்கள். ஆலையில் சூடான எக்ஸாஸ்ட் வாயு குழாய்க்குள் நிறமில்லாமல் ஓடுகிறது. போகும் வழியில் குளிர்கிறது, எங்கோ ஒரு ஓட்டை வழியாக வெளிக்காற்றும் சேர்கிறது. உலைக்குப் பக்கத்தில் ஒன்றும் தெரியாது. நாற்பதடி தள்ளி, யாரும் எதிர்பாராத மூலையில், பழுப்புப் புகை கசியும். அந்தக் குழாயைக் கழிவை வெளியே கொண்டுபோகும் வாய்க்கால் என்று நினைத்துதான் வரைபடத்தில் ஒரு கோட்டோடு விட்டுவிடுகிறோம். உண்மையில் அதுவும் ஒரு வினைக்கலன். உள்ளே வேதியியல் நடந்துகொண்டே இருக்கிறது.

புகையைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பர் வைத்திருக்கிறோமே, அது நீக்கிவிடாதா என்று கேட்பீர்கள். நைட்ரஜன் டை ஆக்சைடு தண்ணீரில் கரைந்து நைட்ரிக் அமிலமாகும்போது, மூன்று மூலக்கூறு உள்ளே போனால் ஒரு மூலக்கூறு நைட்ரிக் ஆக்சைடாகத் திரும்பி வரும். நைட்ரிக் ஆக்சைடு தண்ணீரில் கரைவது மிகச் சொற்பம். நிறமும் கிடையாது. ஆக, ஸ்க்ரப்பரின் மேல்வாயைப் பார்க்கிற மேலாளருக்குப் புகை தெரியாது, சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாகப் போவார். சிம்னியைத் தாண்டி வெளிக்காற்றில் சேர்ந்ததும் அது மறுபடி பழுப்பாகத் தொடங்கும். ஒரே ஒரு தொட்டித் தண்ணீரில் ஊதி அனுப்பினால் வேலை முடிந்தது என்று நினைக்கும் பட்டறைகள் நம் ஊரில் நிறைய இருக்கின்றன. அவர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இப்போது தீயைப் பற்றி.

நைட்ரஜன் டை ஆக்சைடு தானாக எரியாது. ஆனால் எரியும் பொருளுக்கு ஆக்சிஜனை ஊட்டும். அதன் வல்லமைக்கு நல்ல சாட்சி இன்றைய டீசல் வண்டியிலேயே இருக்கிறது. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று பொருத்தியிருக்கிறார்கள். அதில் சேரும் கரியை வெறும் ஆக்சிஜனால் எரிக்க வேண்டுமென்றால் 550, 600 டிகிரி வேண்டும். வடிகட்டிக்கு முன்னால் ஒரு பிளாட்டின ஊக்கியை வைத்து, நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றிவிட்டால், அதே கரி 250, 300 டிகிரியிலேயே எரியத் தொடங்கிவிடும். பொறியியலார் இந்தக் குணத்தைக் கண்டறிந்து நல்ல வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாம் யோசிக்க வேண்டியது வேறு: வடிகட்டியில் உள்ள கரிக்கு இப்படித் தீ மூட்டும் வாயு, எண்ணெய்ப் பிசுக்கும் தூசும் படிந்த ஓர் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் போனால் என்ன செய்யும்?

இடையில் ஒரு சொல். வடிகட்டி தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும் நேரத்தில் புகைக்குழாய் 600 டிகிரிக்குப் போகக்கூடும். நம் ஊர்ச் சாலைகளில் கொள்ளும் சோளமும் உளுந்தும் பரப்பி, போகிற வண்டிகளின் சக்கரத்தில் கதிரடிக்கிறோம். தட்டு வண்டிக்கடியில் சுற்றிக்கொண்டு தீப்பற்றுவது நடக்கிறது. விவசாயி நண்பர்கள் களத்தைப் பயன்படுத்துங்கள். ஓட்டுநர்கள் காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

எரியும் பொருளோடு நைட்ரிக் அமிலம் சேர்ந்தாலே இந்த வாயுக்கள் கிளம்பிவிடும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1973 நவம்பர் 3-ஆம் தேதி, பான் அமெரிக்கன் நிறுவனத்தின் போயிங் 707 சரக்கு விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்துக்குப் புறப்பட்டது. சரக்கில் கண்ணாடிப் புட்டிகளில் நைட்ரிக் அமிலம் இருந்தது. மரப்பெட்டிக்குள் புட்டியை வைத்து, அது ஆடாமலிருக்க இடைவெளியில் மரத்தூளைத் திணித்திருந்தார்கள். தீப்பற்றாத பொருளைத்தான் வைத்திருக்க வேண்டும். விசாரணையாளர்கள் நம்பியபடி, எங்கோ ஒரு புட்டி கசிந்தது. அமிலம் மரத்தூளைத் தொட்டது. சூடு பிறந்தது, நைட்ரஜன் ஆக்சைடுகள் கிளம்பின, புகை விமானி அறைவரை நிறைந்தது. பாஸ்டன் விமான நிலையத்தில் இறங்க முயன்றபோது விமானம் தரையில் மோதி நொறுங்கியது. விமானக் குழுவினர் மூவரும் மாண்டார்கள். யாரும் தீக்குச்சி கிழிக்கவில்லை. மரத்தூளும் திராவகமும் சந்தித்தன, அவ்வளவுதான்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திராவகம் கொட்டிவிட்டால் உடனே மரத்தூளை அள்ளிப் போடுவது, சாக்கால் துடைப்பது, கழிவுப்பஞ்சால் ஒற்றி எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுவது, எல்லாம் இன்றும் நம் பட்டறைகளில் நடக்கின்றன. துடைத்த துணி தொட்டிக்குள் மெல்லச் சூடேறி, இரவில் ஆளில்லாத நேரத்தில் புகையும். மணல் போடுங்கள், சோடா சாம்பலைத் தூவுங்கள், பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மரத்தூள் வாளியை அமிலம் புழங்கும் அறையிலிருந்து இன்றே அப்புறப்படுத்துங்கள்.

கோவை என்றால் தங்கநகைப் பட்டறை. அதனால் ஒரு கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறேன். பழைய நகையிலிருந்து சுத்தத் தங்கத்தைப் பிரிக்க, வெள்ளியைச் சேர்த்து உருக்கி, நைட்ரிக் திராவகத்தில் போட்டுச் சூடாக்குகிறார்கள். வெள்ளி கரைந்துபோகும், தங்கம் அடியில் நிற்கும். அப்போது குபுகுபுவென்று கிளம்புகிறதே பழுப்புப் புகை, அது எவ்வளவு தெரியுமா? அடர்த்தியான அமிலத்தில் ஒரு கிலோ வெள்ளி கரைந்தால் ஏறத்தாழ 425 கிராம் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும். வாயுவாக அது 230 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள ஓர் அறையில் 28,000 லிட்டர் காற்று இருக்கும். அறை மூடியிருப்பதாகக் கொண்டால் பழுப்பு வாயு 8,000 பிபிஎம் அளவுக்கு வந்துவிடும். அமிலத்தை நீர்த்துக் கரைத்தாலும் 2,700 பிபிஎம் நைட்ரிக் ஆக்சைடு. பழுப்பு வாயுவுக்கு நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் அட்டவணை எட்டு மணி நேர வேலைக்கு வகுத்திருந்த வரம்பு 3 பிபிஎம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில்நலக் கழகம் வைத்திருக்கும் கோடு 13 பிபிஎம். எட்டாயிரம் எங்கே, பதின்மூன்று எங்கே! அறை முழுதாக மூடியிருக்காது, ஜன்னலில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் சுற்றிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். மின்சாரம் நின்றால் அந்த ஃபேனும் நிற்கும். பாத்திரத்தில் கரைதல் நிற்காது.

அந்த ஃபேனைத் தாண்டிப் போகும் குழாயையும் கவனியுங்கள். அமிலம் அரிக்கக் கூடாதென்று பிளாஸ்டிக் குழாய் போடுகிறோம். அரிப்புக்கு அது நல்லதுதான். ஆனால் பிளாஸ்டிக் எரியும் பொருள், உள்ளே ஓடுவது எரிதலை வளர்க்கும் வாயு, ஃபேன் காற்றையும் ஊதித்தருகிறது. தீ மூளுவதற்கு ஒரு பொறிதான் பாக்கி. ஃபேன் மோட்டார் சூடேறினால் அந்தப் பொறியும் கிடைத்துவிடும். நெடி போகட்டும் என்று சிலர் குழாய்முனையில் கரி வடிகட்டி வைக்கிறார்கள். நைட்ரஜன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது கரி சூடேறும், தீப்பிடிக்கவும் செய்யும். தயவுசெய்து வேண்டாம். பெரிய ரசாயன ஆலைகளில் இதைவிட மோசமான ஒன்றைக் காணலாம். குழாய்ச் செலவை மிச்சப்படுத்த, நைட்ரிக் அமிலம் வினைபுரியும் நைட்ரேஷன் கலனின் எக்ஸாஸ்ட்டையும் கரைப்பான் தொட்டியின் ஆவியையும் ஒரே பொதுக்குழாயில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்று எரிபொருள், மற்றொன்று எரியூட்டி. இரண்டையும் ஒரே குழாயில் அனுப்புவதை நான் குற்றம் என்றே சொல்வேன்.

தீயணைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சாதாரணத் தீயை மூடி அணைக்கலாம், காற்று கிடைக்காவிட்டால் அது சாகும். இந்த வாயு ஊட்டும் தீக்கு வெளிக்காற்று தேவையில்லை. கரியமில வாயு சிலிண்டரைக் காலிசெய்துவிட்டு, அணைந்தது என்று திரும்பினால் மறுபடி எரியும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதுதான் வழி.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு ஆபத்து குழாய்ச் சுவரில் படியும் உப்பு. நைட்ரிக் அமில ஆலையில் அம்மோனியாவைப் பிளாட்டினச் சல்லடையில் சுமார் 900 டிகிரியில் எரிக்கிறார்கள். ஆலையைத் தொடங்கும் நேரத்தில் சல்லடை முழுச் சூட்டுக்கு வந்திருக்காது. எரியாத அம்மோனியா கொஞ்சம் நழுவி நைட்ரஜன் ஆக்சைடுகளோடு சேர்ந்துவிடும். குளிர்ந்த இடங்களில், குறிப்பாக வாயு கம்ப்ரஷருக்குள், அம்மோனியம் நைட்ரைட்டும் நைட்ரேட்டும் வெள்ளையாகப் படியும். அம்மோனியம் நைட்ரைட் மிக நிலையற்ற உப்பு, அறுபது எழுபது டிகிரியிலேயே வெடிக்கக்கூடியது. அதனால்தான் அனுபவமுள்ள ஆபரேட்டர்கள் நீராவியோ தண்ணீரோ விட்டு அதைத் தவறாமல் கழுவுகிறார்கள். 1990-இல் பிரான்சின் பெர் நகரில் எத்திலீன் ஆலையொன்றின் குளிரூட்டும் பகுதி வெடித்தது. ஆலைக்குள் ஓடிய வாயுவில் மிகமிகச் சொற்பமாக இருந்த நைட்ரஜன் ஆக்சைடுகள் கடுங்குளிரில் சிறுகச் சிறுகச் சேர்ந்து வெடிக்கும் படிவுகளாயிருந்தன. இத்தகைய படிவு ஆழ்ந்த குளிரில் சாதுவாகக் கிடக்கும். பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திச் சூடேறவிடும்போதுதான் வெடிக்கும். ஓடும் ஆலைக்கு அஞ்சுகிறோம், நின்ற ஆலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். இந்த வாயு புழங்கும் இடத்தில் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆலையிலிருந்து சாலைக்கு வருவோம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட வண்டிகள் வந்தபின், பெரும்பாலான டீசல் லாரிகளில் யூரியாக் கரைசல் ஊற்றுகிறோம். 32.5 சதவீத யூரியா. சூட்டில் அது அம்மோனியாவாகி, நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் தண்ணீராகவும் மாற்றுகிறது. அருமையான ஏற்பாடு. அதைச் சாதனம் வைத்து ஏமாற்றி, யூரியாச் செலவை மிச்சம் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் புகையை முதலில் மூச்சாக இழுப்பவர்கள் டோல்கேட்டில் நிற்கும் ஊழியரும், லாரி ஷெட்டில் வண்டிக்கடியில் படுத்திருக்கும் மெக்கானிக்கும்தான். முதலாளிகள் அதை நினைக்க வேண்டும்.

இனி நுரையீரல். என் பேச்சில் முக்கியமான பகுதி இதுதான்.

அம்மோனியா கசிந்தால் கண் எரியும், மூக்கு எரியும், நாம் ஓடிவிடுவோம். தண்ணீரில் எளிதில் கரைவதால் மேலே மூக்கிலும் தொண்டையிலுமே அது தன் வேலையைக் காட்டிவிடும். நைட்ரஜன் டை ஆக்சைடு எளிதில் கரையாது. அதனால் மேலே பெரிய எரிச்சல் தராமல், நுரையீரலின் அடியாழத்தில் உள்ள காற்றறைகள்வரை போய்விடும். அங்கேயுள்ள ஈரத்தில் மெல்லக் கரைந்து அமிலமாகும். கொஞ்சம் இருமல், கொஞ்சம் தலைவலி. வெளியே வந்து நல்ல காற்றில் உட்கார்ந்தால் அதுவும் போய்விடும். ‘எனக்கு ஒண்ணுமில்லைங்க’ என்பார். பஸ் ஏறி வீட்டுக்குப் போவார், சாப்பிட்டுப் படுப்பார். நான்கு மணி நேரம் கழித்தோ இருபத்து நான்கு மணி நேரம் கழித்தோ, அவருடைய நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளத் தொடங்கும். நள்ளிரவில் மூச்சுத் திணறும். வீட்டிலுள்ளவர்கள் ஆஸ்துமா என்றோ மாரடைப்பு என்றோ நினைப்பார்கள். மதியம் சுவாசித்த புகை யாருக்கும் நினைவில் இருக்காது. அதிலிருந்து தப்பியவர்களில் சிலருக்கு, சில வாரம் கழித்து நுண்மூச்சுக்குழல்கள் தழும்பேறி அடைத்துக்கொள்வதும் உண்டு.

1929 மே 15 அன்று அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் மருத்துவமனையில் நடந்தது இதற்குக் கொடிய சான்று. அடித்தள அறையில் எக்ஸ்ரே ஃபிலிம்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அன்றைய ஃபிலிம் நைட்ரோ செல்லுலோஸால் ஆனது. அறையில் நீராவிக் குழாய் கசிந்தது. அந்தச் சூட்டாலோ, பக்கத்தில் எரிந்த மின்விளக்காலோ ஃபிலிம் சிதையத் தொடங்கியது. நைட்ரோ செல்லுலோஸ் தன் ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருப்பதால், காற்றில்லாத மூடிய அறையிலும் அது சிதைந்துகொண்டே போகும். அப்படிச் சிதையும்போதுதான் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கார்பன் மோனாக்சைடும் மிக அதிகமாக வரும். மஞ்சளும் பழுப்புமாகப் புகை, காற்றுக் குழாய்களின் வழியாக எல்லா மாடிகளுக்கும் ஏறியது. வெடிகளும் நடந்தன. 123 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் தீயால் சாகவில்லை. சிலர் தாமாகவே வெளியே நடந்து வந்தவர்கள். மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் பிலிப்ஸ் ஏணி வழியே இறங்கி உயிர் தப்பினார், அன்று மாலையே இறந்துபோனார். நோயைக் கண்டுபிடிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் நிறைந்த கட்டடத்தில் இது நடந்தது. எளிதில் தீப்பற்றாத ஃபிலிம் அந்த நாளிலேயே கடையில் கிடைத்தது என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்னொரு நிகழ்ச்சி. 1975 ஜூலை 24. அமெரிக்காவின் அப்போலோ விண்கலம் சோவியத் நாட்டின் சோயுஸ் கலத்தைச் சந்தித்துவிட்டுப் பூமிக்குத் திரும்புகிறது. ஸ்டாஃபோர்டு, பிராண்ட், ஸ்லேட்டன் ஆகிய மூவர் உள்ளே. பாராசூட்டில் இறங்கும்போது வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் வால்வு திறந்தது. சிறு உந்துபொறிகளோ இன்னும் நிற்கவில்லை. இதே வாயுக் குடும்பத்தைச் சேர்ந்த, அவற்றின் நைட்ரஜன் டெட்ராக்சைடு ஆவி அறைக்குள் இழுக்கப்பட்டது. கடலில் இறங்கியபின் பிராண்ட் நினைவிழந்தார். ஸ்டாஃபோர்டு அவருக்கு ஆக்சிஜன் முகமூடியை மாட்டினார். நினைவு திரும்பியது. மூவரும் கப்பலில் நடந்து வந்தார்கள், வரவேற்பிலும் கலந்துகொண்டார்கள். புகையைப் பற்றி மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் பரிசோதனை நடந்தது. நுரையீரலில் அழற்சி தெரிந்தது. ஹவாயில் ராணுவ மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையளித்தார்கள். உலகிலேயே மிக நெருக்கமாகக் கண்காணிக்கப்படும் மனிதர்களுக்கே இந்த நிலை. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் ராக்கெட்டுக்கான விகாஸ் எஞ்சின்களைச் சோதிக்கும் இடத்தில் இதே நைட்ரஜன் டெட்ராக்சைடுதான் பயன்படுகிறது. அங்கே வேலை பார்ப்பவர்களுக்குத் தனிச் சுவாசக் கருவியும் முழு உடல் அங்கியும் தரப்படுவதற்குக் காரணம் இதுவே.

ராக்கெட் வேண்டாம், சாதாரண எஞ்சினே போதும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1987-இல் உள்ளரங்கப் பனித்தளத்தில் ஹாக்கி விளையாடிய பள்ளி மாணவர்களும் பார்க்க வந்தவர்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டோர் இருமலும் மூச்சுத்திணறலுமாக நோய்ப்பட்டார்கள். சிலர் ரத்தம் கக்கினார்கள். பனியைச் சமன் செய்யும் வண்டியின் எஞ்சின் கோளாறால் அரங்கில் நைட்ரஜன் டை ஆக்சைடு நிறைந்திருந்தது. மூடிய இடமும் ஓடும் எஞ்சினும் சேர்ந்தால் போதும். நம் ஊர்க் குளிர்பதனக் கிடங்கில் ஓடும் ஃபோர்க்லிஃப்டும், அடித்தளத்தில் வைத்த ஜெனரேட்டரும், கிணற்றுத் திட்டில் இறக்கிய ஆயில் எஞ்சினும் அதே நிலையில்தான் இருக்கின்றன.

வெடிப்புகையை மறக்கவில்லை. பாறை உடைக்க இன்று பெரும்பாலும் புழங்குவது அம்மோனியம் நைட்ரேட் சார்ந்த மருந்து. எண்ணெய் மட்டும் கலக்கும் வகையில் அது ஏறத்தாழ ஆறு சதவீதம் இருக்க வேண்டும். எண்ணெய் கூடினால் கார்பன் மோனாக்சைடு, குறைந்தால் நைட்ரஜன் ஆக்சைடு. குழியில் தண்ணீர் ஊறி மருந்து நனைந்தாலும் ஆரஞ்சு நிறப் புகை வரும். கிணற்றில் ஊற்று இருப்பதால்தானே வெட்டுகிறோம், ஆகவே குழி நனையும் வாய்ப்பு அதிகம். காற்றைவிடக் கனமான அந்த வாயு, அடியில் தேங்கி நிற்கும். வெடித்த கல்லின் இடுக்குகளிலும் அடைபட்டிருக்கும். மண்வெட்டியால் கிளறும்போது மறுபடி கிளம்பும். மேஸ்திரிகளுக்குச் சொல்கிறேன்: கூலி நாள் போகிறதே என்று ஆட்களை அவசரப்படுத்தாதீர்கள். கம்ப்ரஷர் குழாயைக் கிணற்றின் அடிவரை விட்டு நெடுநேரம் நல்ல காற்றை ஊதுங்கள். சேற்றிலும் கல்லிலும் தண்ணீர் அடியுங்கள். வாயுவை அளக்கும் கையடக்கக் கருவி இன்று வாடகைக்கும் கிடைக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் ஆக்சிஜனுக்கும் உணரி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஒருவர் உள்ளே மயங்கினால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கக் கூடாது. ஒரே கிணற்றில் அண்ணனும் தம்பியும் சாவது அப்படித்தான். இடுப்பில் கயிறு கட்டாமல் யாரையும் இறக்காதீர்கள், மேலே நின்று இழுக்க இரண்டு பேர் இருக்கட்டும்.

ஆலை முதலாளிகள், பாதுகாப்பு அலுவலர்களிடம் ஒன்று கேட்கிறேன். நாளைக் காலை வேலைக்குப் போனதும் உங்கள் எக்ஸாஸ்ட் குழாயை, தொடங்கும் இடத்திலிருந்து முடியும் இடம்வரை காலால் நடந்து பாருங்கள். எந்தப் பொருளால் ஆனது, எங்கே வளைகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது, வேறெந்தக் குழாய் வந்து சேர்கிறது, கடைசியாக எப்போது திறந்து கழுவினார்கள் என்று கேளுங்கள். யாருக்கும் பதில் தெரியாத இடத்தில் நின்று, அங்கிருந்து வேலையைத் தொடங்குங்கள். ஃபேன் நின்றால் அமிலப் பாத்திரத்தின் அடுப்பும் தானாக அணையும்படி ஒரு இணைப்புக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

மருத்துவர்களுக்கும் குடும்பத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். பழுப்புப் புகையை மூச்சாக இழுத்தவர் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று சொன்னாலும் வேலைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், மாடிப்படி ஏறவிடாதீர்கள், சைக்கிள் மிதிக்கவிடாதீர்கள். உடலை வருத்தினால் நுரையீரலில் நீர் கோப்பது விரைவாகும். உட்கார வைத்து, ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்கு வண்டியில் கொண்டுசெல்லுங்கள். குறைந்தது 24 மணி நேரம், அதிகம் பட்டிருந்தால் 48 மணி நேரம் கண்காணிப்பில் வையுங்கள். கொண்டுபோகிறவர் ‘என்ன புகை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம்’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மருத்துவரின் கையில் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகும் ஆறு வாரம்வரை இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அதே காகிதத்தோடு திரும்பி வரச் சொல்லுங்கள்.

பட்டறை வைத்திருப்பவர்கள் அந்தக் காகிதத்தை இப்போதே அச்சடித்துச் சுவரில் ஒட்டி வையுங்கள். பக்கத்தில் ஆக்சிஜன் வசதியுள்ள மருத்துவமனையின் தொலைபேசி எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.